மலையில் பிறக்கும் மின்சாரம் யாருடைய கூரைக்கு?



கொஞ்சம் நீளமான பதிவு. தேநீர் குடித்துக்கொண்டே ஆறுதலாக வாசியுங்கள். அரசியல் கட்சி எதற்கும் வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்கு என்னால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

தரம் 11 பிள்ளைகளுக்கு நீரின் மின்பகுப்பு படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு 9 வோல்ட் பெற்றரி, இரண்டு பென்சில் கரி, தண்ணீரில் கொஞ்சம் அப்பச்சோடா. கரியில் குமிழி குமிழியாக வாயு வரும். ஒரு பக்கம் ஒட்சிசன், மறு பக்கம் ஐதரசன். ஐதரசனைக் குழாயில் பிடித்து எரியும் ஈர்க்கைக் காட்டினால் "டப்" என்று வெடிக்கும். பிள்ளைகளுக்கு அந்தச் சத்தத்தில் ஒரு சந்தோசம். ஒரு மாணவன் கேட்டான், "சேர், பேப்பர்ல பச்சை ஐதரசன்னு போடுறாங்களே, அது இதுதானா?" ஆமாம் என்றேன். சூரியனிலும் காற்றிலும் நீரிலும் எடுக்கும் மின்சாரத்தைக் கொண்டு இப்படி ஐதரசன் எடுத்தால் அதற்குப் பெயர் பச்சை ஐதரசன். எரித்தாலும் கரிப்புகை இல்லை, தண்ணீர்தான் மிஞ்சும்.

பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பினாள். காசல்ரீ தண்ணீர் தெரியும் தூரத்தில் அவளுடைய லயம். "சேர், அது நம்ம ஊருக்கு வந்தா எங்க வீட்டுக்கும் கரண்ட் ஒழுங்கா வருமா?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய வீட்டுக்குத் தனி மீட்டர் கிடையாது. பக்கத்துக் காம்பராவில் இருந்து ஒரு வயர் இழுத்திருக்கிறார்கள். மாதம் முடிய பில்லைப் பார்த்து "நீங்க இவ்வளவு குடுங்க" என்று அவர்கள் சொல்வதைக் கொடுக்க வேண்டும். இரவில் படிக்க லைட் போட்டாலும் பக்கத்து வீட்டு அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும். இந்தப் பிள்ளைதான் நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கும் நீர்த்தேக்கத்தைப் பார்த்துக்கொண்டு பாடசாலைக்கு நடந்து வருகிறாள்.

நம்ம மலை கொடுத்த மின்சாரம்

உறவுகளே, "புதுப்பிக்கத்தக்க சக்தி" என்பதை ஏதோ வெளிநாட்டில் இருந்து புதிதாக வரும் சாமான் போலத்தான் இப்போது பேசுகிறார்கள். நமக்கு அது புதிதல்ல. நூறு வருடத்துக்கு மேற்பட்ட கதை.

டி.ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918இலேயே சொன்னார், மஸ்கெலி ஓயாவிலும் கெஹெல்கமு ஓயாவிலும் ஓடும் தண்ணீரால் இந்த நாட்டுக்கு மின்சாரம் கொடுக்கலாம் என்று. அன்றைய ஆட்சியாளர்கள் காது கொடுக்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் இழுபட்டு 1950இல்தான் லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1965இல் காசல்ரீ தண்ணீரில் விமலசுரேந்திர மின்நிலையம். அதே தசாப்தத்தின் கடைசியில் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கமும் பொல்பிட்டிய மின்நிலையமும். பிறகு புதிய லக்ஷபான, கெனியன். இந்த ஐந்தும் சேர்ந்தால் 350 மெகாவாட்டுக்கு மேல். அந்தப் பக்கம் 1985இல் கொத்மலை, 201 மெகாவாட். 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலை, 150 மெகாவாட். மின்சார சபைக்குக் கிடைக்கும் மின்சாரத்தில் ஆக மலிவானது இந்தத் தண்ணீர் மின்சாரம்தான்.

இந்த வருடங்களுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு வருடங்களை வைத்துப் பாருங்கள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து தோட்டத்து மக்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். இரண்டு வருடம் கழித்து லக்ஷபானவில் இருந்து கொழும்புக்கு மின்சாரம் போனது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு. அடுத்த வருடம் விமலசுரேந்திர மின்நிலையம் திறந்தார்கள். மலையில் இருந்த தண்ணீரை நாடு தன்னுடையது என்றது. அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்த மனிதர்களைத் தன்னுடையவர்கள் என்று சொல்ல இன்னும் பல வருடம் எடுத்தது.

மவுஸ்ஸாக்கலையில் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. வரட்சிக் காலத்தில் தண்ணீர் வடிந்தால் பழைய கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தெரியும். பார்க்கப் போகிறவர்கள் செல்பி எடுக்கிறார்கள். என் தகப்பனார் அப்படி எடுக்க விடமாட்டார். "அங்க ஆக்கள் தொழுத இடம்டா" என்பார். மூன்று சமூகமும் ஒன்றாகக் கொடுத்த விலை அது. அந்த விலைக்கு என்ன கிடைத்தது என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

தலவாக்கலையிலும் மேல் கொத்மலைக்காக நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம் மாறின. சென் கிளயர் நீர்வீழ்ச்சி காய்ந்து போகக் கூடாது என்று மக்கள் போராடியதால்தான் பகலில் குறிப்பிட்ட அளவு தண்ணீர் விட வேண்டும் என்ற நிபந்தனையாவது வந்தது. போராடாமல் இருந்திருந்தால் அதுவும் இல்லை.

என் கூரையும் அவளுடைய கூரையும்

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும்.

நான் டவுன்காரன். எங்கள் வாப்பா காலத்தில் இருந்து சின்னக் கடை. தோட்டத்து ஆட்களின் கடன் கொப்பியில்தான் நாங்கள் வளர்ந்தோம். சம்பளம் வந்ததும் அவர்கள் கொடுத்த காசில்தான் நான் படித்தேன். சில வருடங்களுக்கு முன் வங்கிக் கடன் எடுத்து என் வீட்டுக் கூரையில் சோலார் போட்டேன். 2016இல் அரசாங்கம் ஆரம்பித்த கூரைச் சூரியசக்தித் திட்டத்தின் தொடர்ச்சிதான். இப்போது எனக்குப் பில் பெரிதாக வருவதில்லை. சில மாதம் மின்சார சபை எனக்குக் காசு போடுகிறது.

அந்தப் பிள்ளையின் அப்பா இதைச் செய்ய முடியுமா? முடியாது. முதல் காரணம் காசு என்று நினைப்பீர்கள். இல்லை. காசு இருந்தாலும் முடியாது. சோலார் போட வேண்டுமென்றால் கூரை உங்களுடையதாக இருக்க வேண்டும், மின்சாரக் கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், வங்கி கேட்டால் காட்ட உறுதி வேண்டும். லயத்துக் கூரை தோட்டத்துக்குச் சொந்தம். தகரம் ஒழுகினால் மாற்றவும் துரையிடம் கேட்க வேண்டிய இடத்தில், அதன் மேல் பேனல் பூட்ட யார் விடுவார்கள்?

ஆக, புதுப்பிக்கத்தக்க சக்தியால் வரும் லாபம் கூரை உள்ளவனுக்கு. கூரை இல்லாதவன் பழையபடி பில் கட்டுகிறான். என்னைப் போன்றவர்களுக்கு மின்சார சபை கொடுக்கும் காசும் கடைசியில் எல்லோருடைய பில்லில் இருந்துதான் போகிறது. சோலார் போட்டது பிழை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் அதை வைத்துப் பெருமை பேசும்போது இந்தக் கணக்கையும் சொல்ல வேண்டும் அல்லவா?

இன்னொன்று. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்ததே, அப்போதுதான் எனக்கே ஒரு பாடம் கிடைத்தது. மண்சரிவில் பாதைகள் போய், கம்பங்கள் விழுந்து, நம்ம பகுதி இருட்டில் கிடந்தது. என் கூரையில் பேனல் இருந்தும் வீட்டில் லைட் இல்லை. ஏனென்றால் மின்சார சபை லைனோடு இணைத்த சோலார், லைன் போனால் தானாக நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷொக் அடிக்கக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. பெற்றரி வைத்திருந்தால்தான் பாவிக்கலாம். டவுனில் ஜெனரேட்டர் இருந்த இடங்களில் போன் சார்ஜ் பண்ண ஆட்கள் வரிசையில் நின்றார்கள். தோட்டத்தில் இருந்து நடந்து வந்த ஒரு தாய், உறவுக்காரர் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்க ஒரு கோல் எடுப்பதற்காகக் காத்திருந்தார். ஒரு போனுக்குத் தேவையான அந்தச் சின்ன மின்சாரம் கூட அன்று நம்மிடம் இல்லை.

பச்சை ஐதரசன் என்றால் உண்மையில் என்ன?

இனி ஐதரசன் கதைக்கு வருவோம். நம்ம நாட்டிலும் பெட்ரோலிய அபிவிருத்தி அதிகாரசபை தேசிய ஐதரசன் திட்டவரைபு ஒன்றைக் கொண்டுவந்தது. மன்னார்ப் பக்கம் காற்று இருக்கிறது, கடல் இருக்கிறது, ஐதரசன் செய்து ஏற்றுமதி செய்யலாம் என்று பேச்சு. அந்தப் பக்கம் இந்தியா 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாவில் தேசியப் பச்சை ஐதரசன் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. 2030க்குள் வருடத்துக்கு 50 இலட்சம் தொன் என்பது இலக்கு. தூத்துக்குடித் துறைமுகத்தில் 2024 பெப்ரவரியில் அதற்கான மையத்துக்கு அடிக்கல்லும் வைத்தார்கள். நம்மவர்களின் சொந்தபந்தம் இருக்கும் ஊர்தான் அது.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரு கிலோ ஐதரசன் எடுக்க ஏறத்தாழ 50 அலகு மின்சாரம் வேண்டும், கொஞ்சம் கூடலாம். தண்ணீர் 9 லீட்டருக்கு மேல். நான் பார்த்த லய வீட்டுப் பில்களில் பல, மாதம் 60 அலகைத் தாண்டுவதில்லை. அதாவது ஒரு கிலோ ஐதரசன் செய்யும் மின்சாரத்தில் ஒரு லயக் குடும்பம் கிட்டத்தட்ட ஒரு மாதம் வாழும். அந்த ஐதரசனை மறுபடி மின்சாரமாக மாற்றினால் போட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் திரும்பக் கிடைக்கும். மிச்சம் சூடாகப் போய்விடும்.

ஆகவே வீட்டு விளக்குக்கு ஐதரசன் சரிவராது. அது வேறு வேலைகளுக்கு. உருக்கு, கப்பல் எரிபொருள், எல்லாவற்றையும் விட முக்கியமாக உரம். ஐதரசனோடு காற்றில் உள்ள நைதரசனைச் சேர்த்தால் அமோனியா. அமோனியாவில் இருந்து யூரியா. தேயிலைக்கு யூரியா என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது கொழுந்து எப்படி விழுந்தது, கிலோக் கணக்கு நிறைக்க முடியாமல் பெண்கள் எப்படி அரைநாள் பெயருக்குத் தள்ளப்பட்டார்கள் என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நம் நாடு யூரியாவை வெளியில் இருந்துதான் வாங்குகிறது. 1980களில் சபுகஸ்கந்தவில் ஒரு யூரியாத் தொழிற்சாலை இருந்தது. சில வருடத்திலேயே மூடிவிட்டார்கள்.

தண்ணீர் மின்சாரத்தால் உரம் செய்வதும் புதிதல்ல. நோர்வே நாடு சுமார் நூறு வருடத்துக்கு முன்பே நீர்வீழ்ச்சி மின்சாரத்தால் ஐதரசன் எடுத்து உரம் செய்தது. இந்தியாவில் பக்ரா–நங்கல் அணைக்கட்டின் மின்சாரத்தில் 1960களின் ஆரம்பத்தில் நங்கல் உரத் தொழிற்சாலை இதையேதான் செய்தது. பிறகு மின்சாரத்துக்கு வேறு தேவை கூடியதும் அந்த முறையைக் கைவிட்டார்கள். இதில் நமக்குப் படிப்பினை இருக்கிறது. மின்சாரம் மிச்சமாக இருக்கும்போதுதான் ஐதரசன் லாபம். வீட்டுக்கே போதாதபோது அது பெருமைக்கு மாவிடிப்பது போல.

நமீபியாவும் மன்னாரும்

தென்னாபிரிக்காவுக்குப் பக்கத்தில் நமீபியா என்று ஒரு நாடு. பாலைவனமும் கடலும் காற்றும் நிறைய. அங்கே லூடெரிட்ஸ் என்ற துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஹைபன் என்ற கம்பனி சுமார் 10 பில்லியன் டொலரில் பச்சை ஐதரசன் திட்டம் போட்டது. அமோனியாவாக மாற்றி ஐரோப்பாவுக்கு அனுப்புவது நோக்கம். அந்த நாட்டில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு வீட்டில் மின்சாரம் இல்லை. திட்டம் வரும் பக்கத்து நாமா மக்கள், "எங்களைக் கேட்காமல் எங்கள் மூதாதையர் மண்ணில் எப்படி?" என்று கேட்டார்கள். ஜெர்மானியர் ஆட்சியில் அவர்களுடைய முன்னோர்கள் முகாமில் அடைபட்டு இறந்த இடம் அந்தத் துறைமுகத்தோடு ஒட்டியது. கடைசியில் 2025இல், வாங்குவதாக இருந்த ஜெர்மன் கம்பனியான ஆர்.டபிள்யூ.இ.யும் விலகிக்கொண்டது. எதிர்பார்த்த அளவுக்கு ஐரோப்பாவில் கேள்வி இல்லை என்றார்கள்.

மன்னாருக்கு வாருங்கள். இருநூறு வருடத்துக்கு முன் நம்ம மலையகத்து மக்களின் மூதாதையர் கால் வைத்த கரை அது. 2023இல் "மலையகம் 200" நடைபயணம் தொடங்கியதும் தலைமன்னாரில் இருந்துதான். இன்று அந்தத் தீவில் காற்றாலைகள். 2020 டிசம்பரில் தம்பபவனி வந்தது, சுமார் 100 மெகாவாட். அடுத்து அதானி கம்பனிக்கு மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட். 2024இல் ஒரு அலகுக்கு 8.26 அமெரிக்க சதம் என்று விலை பேசினார்கள். அது கூட என்று கேள்விகள் எழுந்தன, நீதிமன்றத்துக்கும் போனார்கள். புதிய அரசாங்கம் விலையைக் குறைக்கப் பேசியது. 2025 பெப்ரவரியில் அதானி விலகிவிட்டது. அதே மன்னாரில் 50 மெகாவாட்டுக்குத் திறந்த கேள்விப்பத்திரம் போட்டபோது உள்ளூர்க் கம்பனி ஒன்று 4.65 சதத்துக்கு வந்தது. கிட்டத்தட்டப் பாதி விலை!

ஆனால் மன்னார் மீனவர்கள் விலையை மட்டும் கேட்கவில்லை. வெள்ளம் வடிகிற வழி என்னாகும், கரைவலை என்னாகும், வருகிற பறவைகள் என்னாகும் என்று கேட்டார்கள். 2025இல் நாட்கணக்கில் வீதியில் இருந்தார்கள். அவர்களை "அபிவிருத்திக்கு எதிரானவர்கள்" என்று சிலர் எழுதியதைப் பார்த்தேன். கேள்வி கேட்பவன் எதிரி அல்ல. மவுஸ்ஸாக்கலை காலத்தில் கேட்க முடியாதவர்களாக நாம் இருந்தோம். அவர்கள் கேட்கிறார்கள்.

நம்ம பக்கம் என்ன வரப்போகிறது?

ஐதரசன் தொழிற்சாலை ஹட்டனுக்கு வராது. வரப்போவது வேறு. 2030க்குள் நூற்றுக்கு எழுபது வீத மின்சாரம் புதுப்பிக்கத்தக்க வழியில் என்பது நாட்டின் இலக்கு. சூரியனும் காற்றும் கூடக் கூட, பகலில் மிஞ்சுவதை இரவுக்குச் சேர்த்து வைக்க வேண்டும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடே இருண்டது ஞாபகம் இருக்கிறதா? பாணந்துறையில் குரங்கு பாய்ந்தது என்று எல்லோரும் பகிடி பண்ணினோம். குரங்கு ஒரு சாட்டுத்தான். ஞாயிறு பகல், பாவனை குறைவு, வெயில் அதிகம், சோலார் மின்சாரத்தின் பங்கு கூட. சுற்றும் பெரிய சுழலிகள் அதிகம் இருந்தால் அவற்றின் சடத்துவம் ஒரு அதிர்ச்சியைத் தாங்கும். குறைவாக இருந்ததால் தாங்கவில்லை. அந்த ஏப்ரலில் புதுவருட விடுமுறையின்போது பகலில் உங்கள் சோலாரை நிறுத்துங்கள் என்று மின்சார சபையே எங்களைக் கேட்டது.

மின்சாரத்தைச் சேர்த்து வைக்க மலைநாட்டுக்கு ஏற்ற வழி ஐதரசன் அல்ல. பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் கீழ்க் குளத்துத் தண்ணீரை மேல் குளத்துக்கு ஏற்றி, இரவில் இறக்கி மின்சாரம் எடுப்பது. நூறு அலகு போட்டால் 75 முதல் 80 வரை திரும்பக் கிடைக்கும். அரநாயக்க, நாவலப்பிட்டிப் பக்கம் மகா ஓயாவில் 600 மெகாவாட்டுக்கு இப்படியொரு திட்டம் மின்சார சபையின் நீண்டகாலத் திட்டத்தில் இருக்கிறது. நீர்த்தேக்கங்களில் மிதக்கும் சோலார் என்றும் பேசுகிறார்கள். தோட்டத்து ஆறுகளில் சிறு நீர்மின் நிலையங்கள் இன்று பல இடங்களில் இருக்கின்றன. பீலித் தண்ணீர் வரும் அதே ஆறுகள்தான். அந்த வருமானத்தில் லயத்துக்கு ஒரு பங்கு வந்ததாக நான் இன்று வரை கேள்விப்படவில்லை.

ஆகவே இன்னும் ஒரு சுற்று நம்மிடம் வரும். நிலம் கேட்பார்கள், தண்ணீர் கேட்பார்கள். இந்த முறை நாம் என்ன கேட்கப் போகிறோம் என்பதுதான் கேள்வி.

நாம் கேட்க வேண்டியவை

ஒன்று. ஒவ்வொரு லயக் குடும்பத்துக்கும் சொந்தப் பெயரில் மீட்டரும் ஒழுங்கான வயரிங்கும். மின்கசிவால் லயம் எரிந்தது என்ற செய்தியை வருடத்துக்கு எத்தனை முறை கேட்கிறோம்? ஒரு காம்பராவில் பிடித்தால் வரிசையாகப் போகிறது. பிள்ளைகளின் புத்தகம், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் சாம்பல். மீட்டர் என்பது பில் கட்டும் பெட்டி மட்டுமல்ல, இந்த முகவரியில் நான் இருக்கிறேன் என்பதற்கான ஆதாரமும் கூட.

இரண்டு. மலையில் எடுக்கும் மின்சாரத்தில் மலைக்கு ஒரு பங்கு. இது பிச்சை அல்ல, வெளிநாட்டில் சட்டமாகவே இருக்கிறது. இந்தியாவில் நீர்மின் திட்டம் வரும் மாநிலத்துக்கு 12 வீத மின்சாரம் இலவசம். 2008இன் கொள்கைப்படி அந்தப் பகுதி அபிவிருத்திக்கு மேலும் ஒரு வீதம், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு மாதம் 100 அலகு பத்து வருடத்துக்கு. நேபாளத்தில் அப்பர் தாமாகோசி போன்ற திட்டங்களில் பங்குகளில் பத்து வீதத்தை அந்த மாவட்டத்து மக்களுக்கே ஒதுக்கினார்கள். ஹட்டனும் மஸ்கெலியாவும் தலவாக்கலையும் ஏன் இதைக் கேட்கக் கூடாது? ஒரு அலகுக்குச் சில சதம் வைத்தாலே போதும், பாடசாலைகளுக்கும் வீடுகளுக்கும் நிரந்தர நிதி கிடைக்கும்.

மூன்று. தோட்டப் பாடசாலை, கோவில், பள்ளிவாசல், விகாரை, தேவாலயம், வாசிகசாலை, இவற்றின் கூரைகளில் சோலார், கூடவே பெற்றரி. வருமானம் லயத்து மக்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கு. தனிக்கூரை இல்லாதவர்களுக்குப் பொதுக்கூரையாவது இருக்கட்டும். கிராமத்துச் சின்ன நீர்மின் திட்டங்களைச் சங்கம் அமைத்து நடத்திய அனுபவம் சப்ரகமுவப் பக்கத்துச் சிங்களக் கிராமங்களுக்கு 1990களில் இருந்தே இருக்கிறது. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா? அடுத்த புயலில் ஒரு தாய் ஒரு கோல் எடுக்க டவுன் வரை நடக்கக் கூடாது.

நான்கு. எந்தத் திட்டம் வந்தாலும் சுற்றாடல் அறிக்கையைத் தமிழில் கேளுங்கள். சட்டப்படி பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் இருக்கிறது. அந்த 30 நாளில் நம்மில் யாரும் எழுதுவதில்லை. பிறகு மண் வெட்டும் மெசின் வந்ததும் ரோட்டில் குந்துகிறோம். வாசித்து விளங்கப்படுத்த ஆசிரியர்கள் நாங்கள் இருக்கிறோம். இதை என் பக்கத்தில் இருந்து வாக்காகவே சொல்கிறேன். எந்தத் தோட்டத்து ஆட்கள் கூப்பிட்டாலும் சனி, ஞாயிறில் வந்து இருந்து வாசித்துச் சொல்வேன், இன்ஷா அல்லாஹ்.

ஐந்து. அடுப்பை மறக்காதீர்கள். மின்சாரம் பற்றி இவ்வளவு பேசுகிறோம். நம் பெண்கள் நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு விறகுக் கட்டோடு இறங்குகிறார்கள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவானபோது இருந்த ஒரே மாற்று வழியும் அடைபட்டது. சுத்தமான சக்தி என்று சொல்லும் எந்தத் திட்டமும் அந்தப் புகையைக் குறைக்கிறதா என்று கேளுங்கள்.

சில பேர் கேட்பார்கள்

"சேர், நீங்க டவுன்காரர், உங்களுக்கு ஏன் தோட்டத்து விசயம்?" என்று போன முறை ஒருவர் எழுதியிருந்தார். தோட்டம் இருட்டினால் டவுனில் கடை திறந்து என்ன பயன் சகோதரரே? கொப்பியில் எழுதும் பெயர்கள் யாருடையவை?

"அப்போ திட்டங்களே வேண்டாமா?" என்றும் கேட்பார்கள். வேண்டும். கட்டாயம் வேண்டும். 2022இல் டொலர் இல்லாமல் எண்ணெய் வாங்க முடியாமல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்தோமே, அந்த நாட்கள் திரும்பக் கூடாது. நுரைச்சோலை நிலக்கரியை நம்பியே காலம் ஓட்டவும் முடியாது. மலை சரிவதும் மழை மாறுவதும் யாருக்கு முதலில் வலிக்கிறது என்று டித்வா காட்டிவிட்டது. நான் கேட்பது திட்டத்தை நிறுத்தச் சொல்லி அல்ல. கணக்கில் நம்மையும் சேர்க்கச் சொல்லி.

என்னைப் போலக் கூரை உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓடுகிற ஆற்றங்கரையில் ஒழு எடுத்தாலும் தண்ணீரை வீணாக்காதே என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். மின்சாரமும் அதே ஆற்றுத் தண்ணீர்தான். பள்ளிவாசல் நிர்வாகிகளே, கோவில் தர்மகர்த்தாக்களே, பகலில் சும்மா எரியும் லைட்டுகளை முதலில் அணைப்போம். அடுத்த வருடச் செலவுத் திட்டத்தில் மண்டபத்துக்கு மாபிள் போடுவதா, பெற்றரியோடு சோலார் போட்டு பக்கத்து லயத்துப் பிள்ளைகளுக்கு இரவு வகுப்புக்குக் கதவைத் திறந்து விடுவதா என்று ஒரு கூட்டத்தில் பேசிப் பாருங்கள்.

அந்தப் பிள்ளைக்கு அன்று நான் சொன்ன பதில், "படிச்சு நீயே இஞ்சினியரா வந்து கொண்டு வா." ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்லித் தப்பும் பதில். அவள் சிரித்துவிட்டு உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்து யோசித்தேன். பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் நாம் செய்ய வேண்டிய வேலையைத் தூக்கி வைத்திருக்கிறேன். மின்சாரக் கணக்கு அவளுடைய அப்பாவின் பெயரில் வருவதற்கு அவள் இஞ்சினியர் ஆகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அதற்கு நாம் நாலு பேர் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினால் போதும்.

அந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கிவிட்டேன். அவளுடைய லயத்தில் தனி மீட்டர் இல்லாத வீடுகளின் பட்டியலை அந்த வகுப்புப் பிள்ளைகளே எடுக்கிறார்கள். உங்கள் தோட்டத்திலும் இப்படி வீடுகள் இருந்தால், பெயர் விபரங்களைக் கீழே பொதுவில் போடாமல், எத்தனை வீடு என்று மட்டும் எழுதுங்கள். மிச்சத்தை நேரில் பேசுவோம். பிழை இருந்தால் திருத்துங்கள், மாற்றுக் கருத்து இருந்தால் மரியாதையோடு எழுதுங்கள். பகிர விரும்புவோர் தாராளமாகப் பகிரலாம்.